தலையாட்டும் வார்டு

அந்த மருத்துவமனையில் நோயாளிக்கு விளக்கிச் சொல்வது இப்போது சுவரின் வேலை. கணினி பதித்த அந்தச் சுவர் செந்தமிழில் பேசும், நோயாளி தலையாட்டுவார், 'புரிதல் நூறு சதவீதம்' என்று பச்சை விளக்கு எரியும். அதற்கு விருதுகூட வந்துவிட்டது. நர்ஸ் ஊசி போடலாம். வாயைத் திறந்து விளக்கக் கூடாது. நர்ஸ் ஜெபக்கனி ஏற்கெனவே இரண்டு முறை திறந்து மாட்டியவள். மூன்றாவது என்றால் வேலை போய்விடும்.

அன்று டீன் விருதும் கையுமாக வார்டுக்கு வந்திருந்தார். வீட்டுக்குக் கிளம்பவிருந்த ஐஸ் வியாபாரி கொம்பையாவிடம், "இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் பாதுகாக்கவும்" என்றது சுவர். பெரிய மனிதர்கள் முன்னால் மறுபேச்சுப் பேசிப் பழகாத கொம்பையா பலமாகத் தலையாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. டீன் கைதட்டினார்.

ஜெபக்கனிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, மருந்த எங்க வைப்பிய?"

"நம்ம ஐஸ் பெட்டியிலதான் தாயி. ஊர்ல அதவிடக் குளிர்ச்சி எங்க இருக்கு?"

"உறைஞ்சு போனா அது மருந்தில்ல, வெறும் தண்ணி. ஊசி போட்டும் சுகர் ஏறி மயங்கி விழுவிய."

"சிஸ்டர், இது மூணாவது தடவை!" என்றார் டீன்.

"எண்ணிக்கிட்டே இருங்க சார், நாலாவதும் வருது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் ஜெபக்கனி.

"அப்போ ஃப்ரிட்ஜ் இல்லாதவன் எங்க வைக்க?" என்றார் கொம்பையா. "எனக்கும் சொல்லுங்க சிஸ்டர்" என்று பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து வந்தார்.

ஒரு தலையும் ஆடவில்லை. 'புரிதல் பூஜ்யம்' என்று சுவர் சிவந்தது.