ஒரே உறைக்குள் இருவர்

ரெஜினாவின் புதுப் போனும் பழைய மெட்ரோ அட்டையும் ஒரே உறைக்குள் குடியிருந்தன. இரண்டில் எதைக் காட்டினாலும் ரயில் நிலையத்துக் கதவு திறக்கும். அன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். ஓடி வந்து, உறையோடு போனைக் கதவின் மேல் வைத்தாள்.

"யாரு?" என்றது கதவு. காதோரம் வந்து சொன்னால்தான் அதற்குக் கேட்கும்.

"நான்தான்!" என்று இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின.

"யாராவது ஒருத்தர் பேசுங்க" என்று கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது.

"கிட்ட வச்சாலே பேசுற என்.எஃப்.சி. உள்ள போன் நான். நான் இருக்கும்போது நீங்க எதுக்குப் பேசுறீங்க?" என்றது போன்.

"சார்ஜே இல்லாம பேசுறவன் நான். நீ நேத்து வந்தவன், தம்பி" என்றது அட்டை.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. கீழே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இரண்டுக்கும் வெட்கமாகிவிட்டது. ரெஜினா மறுபடியும் வைத்தாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க."

"சேச்சே, நீயே சொல்லு தம்பி."

இரண்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தன. கதவும் காத்திருந்தது.

பொறுமை இழந்த ரெஜினா அட்டையை உறையிலிருந்து உருவிக் கதவில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் படியிறங்கி ஓடியபோது ரயிலின் கடைசிப் பெட்டி சுரங்கத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது.

"பார்த்தீங்களாண்ணே, நான் விட்டுக்கொடுத்ததாலதான் கதவு திறந்துச்சு" என்றது போன்.

"விட்டுக்கொடுத்தது நீயா?" என்றது அட்டை.

"நான்தான்!" என்று இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின.