சுற்றறிக்கையில் ஒரு விக்கல்

ஆலையில் முதலில் தேநீர் இடைவேளையைப் பாதியாக வெட்டினார்கள். அடுத்து, கவனம் சிதறுகிறது என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடினார்கள். மூன்றாவதாக, வேகம் போதவில்லை என்று அட்டை வெட்டும் மெஷினின் காப்பு மூடியைக் கழற்றினார்கள். அதை ஓட்டியவரின் இரண்டு விரல்கள் போயின.

நான்காவதாக ஒரு சுற்றறிக்கை வந்தது. நடந்தது ஒரு 'ஹிக்கப்' என்றது.

தொழிற்சங்கச் செயலாளராக இருந்த தொழிலாளிக்கு ரத்தம் கொதித்தது. அவர் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவைப்படாததால் ஆலையில் அவருக்குப் பெயரே 'மைக்'. அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொழிலாளர் கூட்டம் பின்னால் வர, மேலாளர் அறைக்குள் நுழைந்தார்.

"ஹிக்கப்னா என்னன்னு தெரியுமா சார்? விக்கல்! தொண்டையில 'ஹிக்'னு ஒரு சத்தம், அப்புறம் 'கப்'னு ஒரு அடைப்பு. அந்தச் சத்தத்தையே இங்கிலீஷ்காரன் பேரா வெச்சுட்டான். போகப்போக சின்னச் சின்னத் தடங்கலுக்கும் அதே பேராயிடுச்சு. ரெண்டு விரல் போனது உங்களுக்கு விக்கலா?"

"யாரோ நம்மளை நினைக்கிறாங்கண்ணே!" என்றது வாசலில் ஒரு குரல்.

"முதலாளி நினைச்சா விக்கல் வராதுடா, சுற்றறிக்கைதான் வரும்!" என்றார் மைக்.

கூட்டம் சிரித்தது. கட்டுப்போட்ட கையோடு நின்ற மெஷின்காரர் மைக்கின் சட்டையை இழுத்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்..."

"இருப்பா. உனக்காகத்தானே கத்துறேன்?"

"அதைத்தாண்ணே வேண்டாங்கறேன்."

"அட, சும்மா இருய்யா! ஒருத்தனுக்கு நியாயம் கேட்டா அவனே குறுக்க நிக்கிறான்."

தலையில் அடித்துக்கொண்டு மேலாளர் பக்கம் திரும்பினார்.

"இந்த வார்த்தையைப் போட்டது யாரு? இத்தனை பேர் சாட்சியா பேரை வாசிங்க. வாசிச்சுட்டு வேலையை விட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் ஒரு மெஷின்கூட ஓடாது."

மேலாளர் அப்போதுதான் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே! 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னுதானே அடிக்கச் சொன்னேன்?"

"கையெழுத்து உங்களுதுதானே?"

"வர்ற காகிதத்தையெல்லாம் படிச்சுட்டா கையெழுத்துப் போட முடியும்?"

அவர் பார்வை மூலையில் இருந்த தட்டச்சுப் பெண்மீது போய் நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

மெஷின்காரர் மைக்கின் காதோடு சொன்னார்: "கவனக்குறைவுன்னு இருந்தா எனக்குச் சல்லிக்காசு கிடைச்சிருக்காதுண்ணே. விக்கலை யாரும் வேணும்னு வரவழைக்கிறதில்லை, அது யார் தப்பும் இல்லைன்னு அந்தப் பொண்ணுதான் யோசிச்சுப் போட்டுச்சு. அதை வெச்சுத்தான் நேத்து தலைமை அலுவலகத்துல இழப்பீட்டைக் கையில கொடுத்தாங்க."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"எங்கண்ணே சொல்ல விட்டீங்க?"

மேலாளர் எழுந்தார். "நீங்க கேட்டது நியாயம்தான். பேரை வாசிச்சு இப்பவே அனுப்பிடறேன். ஏம்மா, இங்க வா."

அந்தப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவளை எதுக்குக் கூப்பிடறீங்க?" என்றார் மைக். "உங்க கையெழுத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, மாத்தி அடின்னு அவளை மிரட்டினது நான்."

"நீங்களா? அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"கூட்டம் சேர்க்கத்தான்."

வாசலில் யாரோ காறித் துப்பினார்கள். மைக் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷமாக வராத சந்தோஷம் மேலாளர் முகத்துக்கு வந்தது.

"எல்லாரும் சாட்சி, கேட்டுக்கங்க. இந்த வார்த்தையைப் போட்டதுக்காக வேலையை விட்டு நீக்கப்படுபவர்..." என்று ஆரம்பித்து, மைக்கின் முழுப்பெயரையும் தலைப்பெழுத்தோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.