சொசேஜ் புராணம்

"அண்ணை, கொஞ்சம் தள்ளி நிண்டு கதையுங்கோவன்!"

றூபனுக்குப் பசி. பசி வந்தால் அவன் மனுசனில்லை. இதை அவன்ர மனுசி சாம்பவியே சொல்லுவாள்.

மொன்றியல் பழைய துறைமுகம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாணுக்குள்ள சொசேஜ் வைச்சு விக்கிற ஆத்தங்கரை ஹொட்டோக் கடைக்கு முன்னால நீட்டு வரிசை, முன்பக்கம் றூபனும் சாம்பவியும். உள்ளுக்கு அஞ்சலீனா எண்ட தமிழ்ப் பொம்பிளை தனியச் சமாளிக்கிறா. கடைவாசலில, வரிசையைப் பார்த்தபடி தொப்பி போட்ட ஒரு மனுசன். வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. வாய் மட்டும் ஓயாமல் போகுது. பிரெஞ்சில ஒருக்கா, இங்கிலீசில ஒருக்கா. தமிழ் முகத்தைக் கண்டதும் தமிழிலயும் தொடங்கிவிட்டார்.

"சார், சாசேஜ் நேத்து வந்ததில்ல. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மெசபடோமியாவுல குடலுக்குள்ள கறியை அடைச்சு வச்சிருக்காங்க. அப்போ ஃப்ரிட்ஜ் ஏது? எல்லாம் உப்புதான்!"

"சாப்பிடுற நேரத்தில குடல் கதையோ?" சாம்பவி முகத்தைச் சுளிச்சாள்.

"இவ்வளவு தெரியுது, நீங்கள் ஒண்டு வாங்கிச் சாப்பிடலாமே?" எண்டான் றூபன்.

"நான் சுத்த சைவம் சார். பேரு ஜெயசங்கர்."

"சைவக்காரருக்கு இஞ்ச என்ன வேலை? நாங்கள் பசியில நிக்கிறம். உங்கட அலட்டலாலதான் வரிசை நகருதில்லை. தள்ளுங்கோ, இல்லாட்டி முதலாளியைக் கூப்பிடுவன்."

"ஐயோ வேண்டாம் தம்பி!" அஞ்சலீனா பதறினா. "என்ர வேலை போயிடும்."

"உங்களை ஒண்டும் சொல்லேல்லை அக்கா. இவர் வாயை மூடினால் காணும்."

ஜெயசங்கர் அஞ்சலீனாவை ஒருக்காப் பார்த்தார். கதையை நிப்பாட்டிப்போட்டு ஒதுங்கினார்.

றூபனுக்கு வலு புளுகம், வெண்ட மாதிரிச் சாம்பவியைப் பார்த்துச் சிரிச்சான். "பாத்தியே? சொல்லுற மாதிரிச் சொன்னால் கேப்பினம்."

பேச்சு நிண்டதும், வரிசையில நிண்ட எல்லாரும் அஞ்சலீனாவின்ர கையைப் பார்க்கத் தொடங்கிச்சினம். கை நடுங்கிச்சுது. இடுக்கியில பிடிச்ச சொசேஜ் நழுவி நிலத்தில விழுந்தது. இன்னொண்டை எடுத்தா. அதுவும் விழுந்தது. கடுகு சோஸ் பாணில படாமல் மேசையெல்லாம் ஊத்துப்பட்டுது.

பின்னால நிண்டவன் பிரெஞ்சில ஏதோ புறுபுறுத்தான். ஒரு குடும்பம் வரிசையை விட்டு வெளிக்கிட்டுது.

"பக்கவாதம் வந்து எழும்பினனான் தம்பி." அஞ்சலீனா நிமிரேல்லை. "இந்தக் கிழமைதான் திரும்ப வேலைக்கு வந்தனான். ஆக்கள் பார்த்தால்தான் கை இப்பிடி. பாக்காட்டி மெதுவா எண்டாலும் ஒழுங்காச் செய்வன். சனம் கலைஞ்சு போனால் முதலாளி வேற ஆளைப் பிடிச்சிடுவார். இந்த ஐயா பிசியோதெரப்பியில எனக்குப் பக்கத்தில பயிற்சி செய்யிறவர். அதுதான் சனம் என்ர கையைப் பாக்காமல் இருக்கட்டும் எண்டு, பாவம் வந்து நிண்டு கதைக்கிறார்."

சாம்பவி றூபனைப் பார்த்த பார்வையில அவனுக்குப் பசி பறந்து போச்சுது. வெக்கமாக் கிடந்தது.

கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசைப் பக்கம் திரும்பினான். பலமாக் கையைத் தட்டினான்.

"பொஞ்சூர்! சொசேஜ் எங்கயிருந்து வந்தது, ஆருக்காவது தெரியுமோ?" தெரிஞ்ச பிரெஞ்சில கத்தினான். "நாலாயிரம் வருசத்துக்கு முன்னால! மெசபடோமியா!"

எல்லாக் கண்ணும் அவனிட்டத் திரும்பிச்சுது. வெளிக்கிட்ட குடும்பமும் நிண்டு பார்த்தது.

றூபன் மெல்லமா ஜெயசங்கரின்ர கையைப் பிடிச்சு இழுத்தான்.

"அண்ணை, மெசபடோமியாவுக்குப் பிறகு என்ன? கெதியாச் சொல்லுங்கோ!"