இருமிய நாய்

"இருமுற நாயைப் போட்டிக்குக் கூட்டிட்டு வந்தவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். ஆட்டோட ஆடா நிக்க வச்சு மொட்டை அடிச்சு விட்டுடறேன்!"

மெர்வ் அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே கத்தினான். நோலீன் தலை நிமிரவில்லை. வெந்நீரில் நனைத்த பஞ்சால், மடியிலிருந்த நாய்க்குட்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்கூடத் திறக்காத குட்டி. மூச்சு விடும்போதெல்லாம் கர் கர் என்றது.

கூமா ஊருக்குத் தெற்கே, அடுத்தடுத்த ஆட்டுப் பண்ணைகள் அவர்கள் இருவருடையவை. போன மாதம் அங்கே ஆட்டு நாய்ப் போட்டி நடந்தது. மந்தையைச் சிதறாமல் மடக்கிப் பட்டியில் அடைக்கும் நாய்க்குக் கோப்பை. இருமுகிற நாய் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். நோலீனின் நாய் ஜெட் அன்று காலையில் இருமியது. தூசியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை வண்டியில் ஏற்றினாள். ஜெட்டுக்குத்தான் கோப்பை கிடைத்தது. மெர்வுடைய நிறைசினை நாய் பிப், அன்று முழுக்க ஜெட்டை உரசிக்கொண்டுதான் படுத்திருந்தது.

அப்புறம் பிப் குட்டி போட்டது. பால் சுரக்கவில்லை. "புட்டிப்பால்தான் கொடுக்கறேன். ஒரு குட்டி வேற தும்முது" என்று மெர்வ் போனில் சொன்னதுமே நோலீனுக்கு ஜெட்டின் இருமல்தான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து தன் பண்ணையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கேதான் கிடக்கிறாள்.

"நான் பால் கொடுத்த லட்சணத்தைப் பார்த்து என்ன சிரிப்புச் சிரிச்சே, ஞாபகம் இருக்கா?" என்றான் மெர்வ்.

"சிரிக்காம? குட்டியைக் குப்புறப் போட்டுக்கிட்டு, சொட்டுச் சொட்டா... நீ ஒண்ணுக்கு ஊட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது கிழடு தட்டிடும்."

தாயில்லா ஆட்டுக்குட்டிகளைப் புட்டிப்பாலில் தேற்றி எடுப்பதில் அந்த வட்டாரத்தில் நோலீனை மிஞ்ச ஆளில்லை. வந்த அன்றே புட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ரப்பர் காம்பின் துளையைச் காய்ச்சிய ஊசியால் பெரிதாக்கினாள். தாடையைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி வைத்தாள். குட்டிகள் மடமடவென்று குடித்தன. செய்த தப்புக்குத் தன்னால் ஆன பிராயச்சித்தம் என்று, அதன்பின் மெர்வைப் புட்டியைத் தொடவே விடவில்லை.

ஆனாலும் சளி நாளுக்கு நாள் ஏறியதே தவிர இறங்கவில்லை. நேற்று ஒரு குட்டியைப் பைன் மரத்தடியில் புதைத்தார்கள்.

"பெத்தவகூட இப்படிப் பார்க்க மாட்டா, நோலீன். டீ போடட்டுமா?"

"வேண்டாம்."

"ஒரு பிஸ்கட்டாவது..."

"ஒண்ணும் வேண்டாம் மெர்வ், சும்மா இரேன்!"

அவன் அன்பு காட்டக் காட்ட அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வாசலில் வண்டி வந்து நின்றது. மிருக வைத்தியர் பிலிப்பா, பூட்ஸைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"எப்போ ஆரம்பிச்சது?"

"பிறந்த கையோட ஒரு குட்டி தும்மிச்சு. எல்லாம் அந்தப் போட்டியில வந்த வினை, டாக்டர்" என்றான் மெர்வ். "எவனோ ஒரு நாசமாப் போனவன் இருமுற நாயைக் கொண்டாந்துட்டான். இவ மட்டும் இல்லேன்னா இந்நேரம் எல்லாத்தையும் புதைச்சிருப்பேன்."

நோலீனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எவனோ இல்லை, மெர்வ். நான்தான். ஜெட் அன்னிக்குக் காலையிலேயே இருமிச்சு. தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தேன். கோப்பை மேல ஆசை."

மெர்வ் அவளையே பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது.

"ஏதாவது சொல்லு, மெர்வ். திட்டவாவது செய்."

அவன் ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டு நின்றான்.

பிலிப்பா ஒவ்வொரு குட்டியாக எடுத்து, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். பிப்பின் வாயைத் திறந்து பார்த்தாள். கடைசியில் ஒரு குட்டியின் மூக்கில் வடிந்ததை விரலில் தொட்டு முகர்ந்தாள்.

"ஜெட்டை விடுங்க. பிப்போட தொண்டையே சுத்தமா இருக்கு, அப்புறம் குட்டிக்கு எப்படித் தொத்தும்? முதல்ல தும்மினது வைக்கோல் தூசிக்கா இருக்கும். இது சளியே இல்லை."

"பின்னே?" என்றாள் நோலீன்.

"பால். மூக்கு வழியா வருது, நெஞ்சுக்குள்ளயும் இறங்கியிருக்கு. இந்தக் காம்பு ஓட்டையைப் பாருங்க, ஆட்டுக்குட்டிக்கே அதிகம். ஆட்டுக்குட்டி மாதிரி தலையை நிமிர்த்திப் பிடிச்சா நாய்க்குட்டிக்குப் புரையேறிடும். குப்புறப் படுக்க வச்சு, சொட்டுச் சொட்டாத்தான் கொடுக்கணும். மருந்து தரேன், மிச்சக் குட்டிங்க பிழைச்சுக்கும்." பிலிப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தனை நாளா இதுங்களுக்கு ஊட்டினது யாரு?"

நோலீன் பக்கத்திலிருந்த புட்டியை எடுத்து, காம்பின் ஓட்டையைப் பார்த்தாள்.

மெர்வ் ஜன்னலை விட்டு வந்து, அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான்.

"நான்தான், டாக்டர்."