எண்பது எழுத்து அகலம்

"மேடம், ஹெல்ப்னு அடிச்சா வர்ற பட்டியல்ல என்ன குறை?" புரோகிராமர் தன் இடத்திலிருந்தே கத்தினான். "நீங்க பாஸ் போட்டாத்தான் இன்னிக்கு சாயங்காலம் வெளியிட முடியும்."

"விளக்கமெல்லாம் மடங்கி ஆப்ஷனுக்கு அடியில போய் விழுது சார். எது எதோடதுன்னே தெரியல," என்றாள் டெஸ்டர்.

"என் ஸ்கிரீன்ல நூல் பிடிச்ச மாதிரி நிக்குதே! வரிக்கு எண்பது எழுத்துன்னு சி மொழியில கணக்கா எழுதியிருக்கேன்."

"வாங்குறவங்களுக்கு உங்க ஸ்கிரீனையும் சேர்த்துப் பார்சல் பண்ணுவீங்களா?"

அறையே சிரித்தது. அவன் விறுவிறுவென்று அவள் மேசைக்குப் போனான். நிரல் ஓடும் டெர்மினல் ஜன்னல் பாதித் திரைக்கு ஒடுங்கிக் கிடந்தது. மறுபாதியில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் கேமராக் காட்சி. அதில் இன்னும் நடை பழகாத ஒரு சிறுமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை விட்டாள்.

அவன் திரையை நோக்கிக் குனிந்தான்.

"ஏய், நம்ம குட்டி தானா நிக்கிறாடி!"

"ஆபீஸ்ல 'டி' போடாதீங்க சார்," என்றாள் அவன் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

அங்கேயே உட்கார்ந்து, நிரலே டெர்மினலின் அகலத்தைக் கேட்டறிந்து அதற்குள் விளக்கங்களை ஒழுங்காக அடக்கும்படி மாற்றினான்.

"இப்ப பாஸா?"

"பாஸ்."

"அப்ப டெர்மினலை இன்னும் ஒடுக்கு. அவ நடக்கப் போறா."