ஆறு நாள் துபாய் டூர்

"மகன் இருக்க ஊருக்கு டூர் கம்பெனிக்காரன் கூடப் போற ஆளு தூத்துக்குடியிலயே நீங்க ஒருத்தராத்தான் இருக்கும்."

டூருக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து இசக்கியம்மாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். துபாயில் மூன்றாம் நாள், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும் அதையே சொன்னாள்.

அவள் கணவர் பால்துரை, மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் வலையும் கயிறும் விற்கிற கடைக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"ஏளா, குரூப்புல வந்தா நமக்கு ஒரு கவலையும் இல்ல பாத்துக்கோ. விசா அவங்க பாடு. மத்தியானம் சோறும் ரசமும் வந்திருது. பாஷை தெரியாம முழிக்க வேண்டாம்."

"ரசம் குடிக்கவா துபாய்க்கு வந்தேன்? பிள்ளை வீட்டுல ரெண்டு நாள் இருந்து, என் கையால ஒரு மீன் கொழம்பு வச்சுக் குடுத்திருப்பேன். இங்க ஏறும்போதும் தலையை எண்ணுதான், எறங்கும்போதும் எண்ணுதான். நாம என்ன ஆட்டு மந்தையா?"

முன் சீட்டிலிருந்த சாயர்புரம் ஞானபாய் திரும்பினாள். பஸ்ஸில் இருந்த இருபத்தெட்டுப் பேர் வீட்டுச் சங்கதியும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மருமகளோட சண்டையாக்கும்?"

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலக்கா. ஆபீஸ் வேலை. ரெண்டு ரூம் வச்ச வீடு. 'வாம்மா, வாம்மா'ன்னு போன்ல கூப்பிடாத நாளில்ல. இவருதான் மாட்டேன்னுட்டாரு."

"அண்ணாச்சிக்கு மகன் மேல என்ன வருத்தமோ!" என்றாள் ஞானபாய், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பால்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் ஒரு பெரிய மால் வாசலில் நின்றது. வழிகாட்டி ஸைத் எழுந்தார். காயல்பட்டினத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்.

"இப்ப மணி மூணு. நாலு மணிக்கு விசில் அடிப்பேன். எல்லாரும் பஸ்ஸுக்கு வந்திரணும்."

வாசலிலேயே மகன் விஜயராஜ் காத்து நின்றான். நாலு வருஷம் கழித்துப் பார்க்கிறாள். இசக்கியம்மாள் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏலே, என்னலே இப்படி எளைச்சுப் போயிருக்கே?"

"டயட்டும்மா."

"கையெல்லாம் ஏன் காய்ச்சுக் கெடக்கு?"

"ஜிம்முக்குப் போறேம்லா."

அவன் போட்டிருந்த சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

ஏழு கவர் போட்டுச் சுற்றிய கருவாட்டுப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"வீட்டுல மண்சட்டி இருக்கால? வீடு எவ்வளவு தூரம்?"

"பக்கத்துலதாம்மா..."

"அப்போ ஒரு டாக்சியப் பிடி. ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன். இன்னும் நாப்பது நிமிஷம் கெடக்குல்லா?"

விஜயராஜ் அப்பாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"இன்னைக்கு வந்து... சாவி..."

"சாவிக்கு என்னலே?"

"தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாரேன்," என்று பால்துரை பஸ் பக்கம் போனார்.

விஜயராஜ் சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டையெல்லாம் தடவினான். அதற்குள் விசில் கேட்டது. நீளமாக, மூன்று தரம்.

மணி மூன்று இருபத்தைந்துதான் ஆகியிருந்தது.

பஸ்ஸில் ஒரே கூச்சல்.

"செயினைக் கழுத்துல வச்சுப் பாத்துக்கிட்டு நிக்கேன், விசில் அடிக்கான்!" என்றாள் ஞானபாய். "ஊருக்குப் போனதும் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கேனா இல்லியான்னு பாரு!"

"மன்னிச்சிருங்க. நேரத்தைத் தப்பாப் பாத்துட்டேன். அடிச்ச விசிலு அடிச்சதுதான். அடுத்த இடத்துக்குப் போயிருவோம்," என்றார் ஸைத்.

இசக்கியம்மாள் சீட்டுக்குப் போகவில்லை. அவர் முன்னால் நின்றாள்.

"ஒனக்குத் தாய் கெடையாதாப்பா? நாலு வருஷங்கழிச்சுப் பாக்கேன். முழுசா ஒரு வாய் பேச விடலியே. நீ நல்லாயிருப்பியா?"

ஸைத் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் நகர்ந்தது. பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விஜயராஜ் கையாட்டினான். அவள் முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டாள்.

அடுத்து கடற்கரை. எல்லாரும் போட்டோ எடுக்க இறங்கினார்கள். இசக்கியம்மாள் இறங்கவில்லை. பால்துரை மட்டும் மெல்ல ஸைத்திடம் வந்தார்.

"தம்பி, என்னால ஒங்களுக்கு இத்தனை ஏச்சு. 'இப்பவே விசில் அடிங்க'ன்னு வந்து நின்னேன். ஏன்னுகூட நீங்க கேக்கல."

பால்துரை பஸ் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அவனுக்கு வேலை போயி அஞ்சு மாசமாச்சு. எங்க கடைக்கு வலை வாங்க வார பெரியதாழை இஞ்ஞாசிதான் சொன்னாரு. அவரு மகன் ரூம்ல, பன்னெண்டு பேரு இருக்க எடத்துல, இவன் பதிமூணாவது ஆளாப் படுத்திருக்கான். கெடைக்குத அன்னைக்கு லோடு ஏத்துதான். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியாது. வீட்டைக் காட்டுன்னு அவ நின்னா, பிள்ளை எங்க கூட்டிட்டுப் போவான்?"

ஸைத் கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நானும் அப்படி ஒரு ரூம்ல கெடந்தவந்தான் அண்ணாச்சி. எங்க வாப்பா என்னயப் பாக்க வந்த அன்னைக்கு, விசில் அடிக்க ஒருத்தரும் இல்ல."