ஒன்பதாவது மணி

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சூப்பர்வைசர், அச்சில் வார்க்கும் இயந்திரக்காரர், கம்பி சுற்றும் அக்காள், தங்கை, அழைப்புமணிகளைச் சோதிக்கும் அம்மாள். வாசலில் நின்று விடாமல் ஹாரன் அடித்த வேன் டிரைவரையும் சேர்த்தால் ஆறு.

ஆர்டர் இருநூறு மணி. நூற்றுக்கு நாலு பழுதாகும் என்பது சூப்பர்வைசரின் பல வருஷக் கணக்கு. எனவே இருநூற்று எட்டு செய்திருந்தார்.

அந்த அம்மாள் ஒன்பதைக் கழித்துவிட்டாள்.

"ஒண்ணு குறையுதே! ஒன்பதாவதுக்கு என்ன கேடு?"

"பத்துத் தடவை அமுக்கினேன் சார். ஒன்பது தடவைதான் அடிச்சுது."

"நான் பரீட்சையில வாங்கினதைவிட அதிகம்க்கா!" என்றாள் தங்கை. அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பெட்டியில போடுங்கம்மா. அச்சைத் திரும்பச் சூடேத்தணும்னா ஒரு மணி நேரம் ஆகும். ஒண்ணு போதும்னாலும் ஒரு தடவைக்கு ஆறு வந்தே தீரும். எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டாமா?"

"போட மாட்டேன் சார்."

"இவங்களுக்கென்ன! வீட்டுல யார் காத்திருக்காங்க?" என்று முணுமுணுத்தார் இயந்திரக்காரர்.

"எனக்காக யாரும் காத்திருக்கலைதான் தம்பி. நான்தான் காத்திருக்கேன்."

கையிலிருந்த மணியை மேசைமேல் வைத்தாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போன மகன் ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்கான். நான் உள்ளே துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். சத்தமே கேக்கலை. கதவடியில சீட்டுதான் கிடந்தது. 'மணி அடிச்சேன். திறக்க மனசு வரலை போலிருக்கு'ன்னு."

அக்காளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்தக் கம்பெனி மணிம்மா அது?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அவள் தயங்கினாள்.

"நம்மளதுதான் சார். கழிச்சுப்போட்ட கூடையிலேர்ந்து போன வருஷம் நீங்கதான் ஆசையா எடுத்துக் கொடுத்தீங்க. பத்துல ஒண்ணு தப்புனா என்ன, வீட்டுக்குப் போதும்னு."

சூப்பர்வைசர் தானே போய் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார்.

ஆறு செய்தார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒன்று பழுது. ஒன்று பெட்டிக்குப் போனது. வேனும் போனது.

மிச்சத்தில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார் சூப்பர்வைசர்.

"இதை மாட்டுங்கம்மா. நானே நூறு தடவை அமுக்கிப் பார்த்துட்டேன். ஒண்ணுகூடத் தப்பலை."

"வேணாம் சார். இப்பல்லாம் நான் கதவைச் சாத்துறதே இல்லை."

நீட்டிய மணியைத் தட்டில் வைத்துவிட்டு, கையிருப்பு நோட்டில் எழுதினார்: மீதி நாலு.